நூற்று அறுபத்தெட்டு வோல்ட்

"எத்தனை வாட் வேணும்?" என்றார் கடைக்காரர்.
நான் நாற்காலிக் கணக்கு சொன்னேன்.
கும்பகோணத்தில் ஓட்டல் மாடி, நாற்பது.
கொரடாச்சேரியில் காதுகுத்து, ஷாமியானாவுக்கு அடியில் நூற்றிருபது,
அதில் பாதி பந்திக்குப் போய்விடும்.
திருத்துறைப்பூண்டி மாதா கோயில் ஹால்; சுவரெல்லாம் டைல்ஸ்,
ஒரு தடவை மீட்டினால் மூன்று தடவை கேட்கும்.
காரைக்காலில் ஒரு பார். அங்கே நாற்காலியை எண்ண முடியாது,
நகர்ந்துகொண்டே இருக்கும்.

அவர் இரண்டை எடுத்து வைத்தார்,
ஒன்றை இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
மற்றதை இரண்டு விரலால்.

முதலாவது வால்வு ஆம்ப். நூறு வாட். அரைச் சிப்பம் நெல்லின் எடை.
முதுகில் நான்கு கண்ணாடிக் குமிழ்கள்
மெல்லச் சிவந்து, அவசரமில்லாமல் பேச்சைத் தொடங்கும்.
இரண்டாவது டிபன் பாக்ஸ் போல. இரண்டு கிலோ.
இருநூறு வாட் என்று நெற்றியில் எழுதியிருந்தது;
அது நாலு ஓமுக்கு. உங்க ஸ்பீக்கர் எட்டு,
அதனால பாதிதான் வரும் என்றார்,
குரலையும் பாதியாக்கி.

என் வண்டியின் ஆர்சி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு
இரண்டையும் கொடுத்தனுப்பினார், திங்கட்கிழமை வரை.

சனி. ஓட்டல் மாடி.
அரைச் சிப்பத்தை நானும் ஹாஜாவும் படியேற்றினோம்,
லிஃப்ட் சாப்பாட்டுக்கு மட்டுமாம்.
வால்யூம் ஒன்றில் இருந்தது.
ஒன்றரைக்குத் திருப்பினேன்,
மூன்றாம் மேசையில் ரசம் நடுங்கியது.
மேனேஜர் கும்பிட்டார்.
எறும்புக்கு முதுகு சொறிய யானையைக் கூட்டி வந்த மாதிரி.
இரவு முழுக்க அது வாயைத் திறக்கவே இல்லை.

ஞாயிறு. கொரடாச்சேரி.
குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம்.
ஆறு மணிக்கு மும்முனை வந்ததும்
சுற்றுவட்டத்து மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சின.
ட்யூப்லைட் கண் சிமிட்டியது,
ஃபேனின் இறக்கைகளை எண்ண முடிந்தது.
ஹாஜா பகலில் வயர்மேன்; மீட்டரைச் செருகிப் பார்த்தான்:
நூற்று அறுபத்தெட்டு.
கீபோர்டு அணைந்தது. ப்ளெஸ்ஸிலா
சரணத்தை மென்று விழுங்கினாள்.
டிபன் பாக்ஸ் மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் வாசித்தது.
நூறு வோல்ட்டிலும் வாசிக்குமாம்.
அந்நேரம் அறுபது ஏக்கர் தண்ணீர் குடித்தது
அதற்குத் தெரியாது.

பந்தி நடக்கும்போது, ஆசை விடாமல்,
வால்வை அதே பிளக்கில் செருகினேன்.
போதாத கரண்ட்டில் மூச்சிரைத்து,
ஓரம் கிழிந்த குரலில்,
ஒவ்வொரு தந்தியையும் ஒரு நொடி பிடித்து வைத்து
மனசில்லாமல் விட்டது.
எட்டு வருடமாகப் பெடல் பெடலாக வாங்கி
நான் தேடிய சத்தம்.
சாம்பார் வாளியோடு போன பையன் நின்றுவிட்டான்.
"தம்பி, இங்க" என்றது ஓர் இலை.

பதினோரு நிமிடம்.
பிறகு எங்கோ ஃபியூஸ் போய் மோட்டார்கள் ஓய்ந்தன,
வோல்ட் ஏறியது,
ஆம்ப் மறுபடி நூறு வாட் ஆகிவிட்டது.
காது குத்திய குழந்தை இரண்டாம் முறை அழுதது.

திங்கள். தஞ்சாவூர்.
டிபன் பாக்ஸ் பதினெட்டாயிரம், நாலு தவணை.
சரிதான். மாடிப்படிக்குச் சரி, முதுகுக்குச் சரி,
மாதா கோயில் டைல்ஸுக்கும் சரி.
மோட்டார் நேரத்தையும் சேர்த்து
எந்தக் கடையில் பில் போடுவார்கள்?
"வால்வை தீபாவளி வரைக்கும் விக்காம வைக்கிறேன்"
என்றார் கடைக்காரர், நான் கேட்காமலே.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்,
பெட்டி பெட்டியாக, முடிகிற வழியாக இல்லை.
அருகே ஸ்கூட்டியில் இருந்த அம்மாள்
என் வண்டிக் கொக்கியில் தொங்கிய பையைக் காட்டினார்:
"சாப்பாடு சரியுது பாருங்க. குழம்பு கொட்டிடும்."

நிமிர்த்தி வைத்தேன்.